துப்பறிய ஆள் வேண்டாத கொலை

(திருவண்ணாமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "துப்பறியும் நாவலும் குடும்ப இரகசியமும்" என்பதாகும். பகுத்தறிவு மேடையில் கதைப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பெரிய பரீட்சைகள் தேறியவனல்ல. வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து, படித்ததைப் பற்றி நாலு பேரிடம் தர்க்கம் செய்து தெரிந்துகொண்டவன். அப்படிப் படித்தவற்றில் மர்ம நாவல்களும் ஏராளம். இந்தத் தினுசுக் கதைகளைத் தமிழ்நாட்டில் பரப்பியவர்களில் ஒருவர், இன்று நம் ஜில்லாவில் இருக்கும் ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார். 1925-ல் காலமான அவர், இங்கிலீஷ் கதைகளைத் தழுவி, ஆசாமிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, கட்டுக் கட்டாக எழுதிக் குவித்தார்.

அந்தப் புத்தகங்களைப் படிக்கிறவனிடம் நான் கண்ட ஓர் அதிசயத்தைச் சொல்லுகின்றேன். அவன் காலையில் எழுந்து நெற்றி நிறையப் பூசிக்கொள்ளுகின்றான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கிரகம் என்கின்றான். வியாபாரம் நொடித்தால் தலையெழுத்து என்கின்றான். அதே மனிதன் துப்பறியும் நாவலைக் கையிலெடுத்துவிட்டால் அடியோடு மாறிவிடுகின்றான். "கதவு உள்ளே தாழிட்டிருந்ததே, கொலைகாரன் எப்படி வெளியே போனான்?" என்கின்றான். "விளக்கு எரிந்துகொண்டிருந்ததாகச் சொல்லுகிறாளே, எண்ணெய் குறையவில்லையே!" என்கின்றான். கடைசி அத்தியாயத்தில், "ஜமீன்தாரைக் கொன்றது அவருடைய விதியேயாகும்" என்று எழுதி முடித்திருந்தால் புத்தகத்தை வீசியெறிந்து, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பான். அந்த 200 பக்கம் மட்டும் அவன் சுத்தப் பகுத்தறிவுவாதி! காரணம் வேண்டும், சாட்சி வேண்டும், ருஜு வேண்டும். புத்தகத்தை மூடினதும் மறுபடியும் பழைய ஆசாமிதான். புத்தகத்துக்குள் உபயோகிக்கிற புத்தியை வெளியிலும் உபயோகியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த நாவல்களிலே ஒரு வகை உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். போலீசார் வந்து பார்த்துத் தற்கொலை என்றோ, தவறி விழுந்தது என்றோ எழுதிக் கட்டை மூடியிருப்பார்கள். பிறகு யாரோ ஒருவன் பழைய பெட்டியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறான். மூடிய வழக்கு திறக்கிறது. விசாரிக்க விசாரிக்க, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு உண்மை தெரிந்திருந்ததாகவும், "குடும்ப மானம்" என்று சொல்லி எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் ஏற்படுகின்றது. கதை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, இதைவிடப் பெரிய மர்மம் நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றது. அது கதையல்ல. கோர்ட்டில் ருஜுவாகி, சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் உறுதியான சங்கதி.

கடலூர் ஜில்லா விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை என்று ஒரு கிராமம். அவ்வூரில் முருகேசன் என்ற வாலிபன், வயது 25. ரசாயனப் பொறியியல் படித்தவன். அதே ஊரில் கண்ணகி என்ற பெண், வயது 22. வணிகவியல் படித்தவள். பையன் ஆதி திராவிடர், பெண் வன்னியர். ஒருவரையொருவர் விரும்பினார்கள். 2003-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கடலூரில் ரிஜிஸ்தர் கலியாணம் செய்துகொண்டார்கள். செய்துகொண்டு, ஒன்றும் நடவாததுபோல் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

இங்கே சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வயது வந்த, படித்த இரண்டு பேர், சர்க்கார் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி கலியாணம் செய்துகொண்டு, அதைத் திருட்டுப் பொருளைப்போல் ஒளிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீடுகள் எப்படிப்பட்ட வீடுகள்? உண்மை சொன்னால் உயிர் போகும் என்கிற இடத்துக்குக் குடும்பம் என்றா பெயர்?

பிறகு இருவரும் ஊரைவிட்டுப் போகத் தீர்மானித்தார்கள். முருகேசன் பெண்ணைத் தன் உறவினர் வீட்டில் மூங்கில்துறைப்பட்டில் கொண்டுபோய் விட்டான். தென்பெண்ணைக் கரைப்பக்கத்து மூங்கில்துறைப்பட்டு உங்களுக்குத் தெரியாத ஊரல்ல. இந்தக் கூட்டத்திலேயே அங்கே பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இருக்கக்கூடும். பெண்ணின் வீட்டார் முருகேசனைப் பிடித்தார்கள். அவனைக் கட்டி ஆழ்துளைக் குழிக்குள் இறக்கி, அவனுடைய சொந்தக்காரரை மிரட்டி, பெண் இருக்குமிடத்தைக் கேட்டு வாங்கினார்கள். பெண்ணையும் கொண்டுவந்தார்கள். 2003 ஜூலை 8-ந் தேதி விடியற்காலத்தில், மயானத்தில், ஊரார் பார்த்துக்கொண்டிருக்க, இருவருக்கும் மூக்கிலும் காதிலும் வாயிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, பிணங்களை எரித்துவிட்டார்கள்.

கொன்றது யார்? துப்பறிகிறவன் எவனும் வேண்டியதில்லை. பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. ஊருக்கே தெரியும். நாவலில் இரகசியம் ஒருவனுக்குத் தெரிந்திருக்கும், ஊருக்குத் தெரியாது. இங்கேயோ ஊருக்கெல்லாம் தெரியும், சட்டத்துக்கு மாத்திரம் தெரியாது! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இருக்கிறது தோழர்களே, அந்த உலைமூடிக்கு ஜாதி என்று பெயர். ஒரு வீட்டுப் பெண் கிணற்றடியில் யாரோடு பேசினாள் என்பதை ஒரு நாழிகையில் ஊர் முழுதும் பரப்புகிற வாய், இரண்டு உயிர் எரிவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சரி, போலீசார் என்ன செய்தார்கள்? பையனின் தகப்பனார் புகார் கொண்டுபோனார். முதலில் வாங்கவில்லை. பத்திரிகைகளில் சங்கதி வெளிவந்து நாற்றமெடுத்த பிறகு, ஒரு வழக்கு எழுதினார்கள். எப்படி எழுதினார்கள் தெரியுமா? பெண்ணைப் பெண் வீட்டாரும், பையனைப் பையன் வீட்டாரும் தாங்களே கொன்றுவிட்டதாக எழுதினார்கள்! செத்தவனுடைய உறவினர்களே குற்றவாளிகள்! மர்ம நாவலாசிரியன்கூட இப்படிக் கற்பனை செய்யக் கூசுவான். இரண்டு பக்கமும் ஆளைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் பயந்து சமாதானமாய்ப் போய்விடும், கட்டை மூடிவிடலாம் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? ஆகவே இதில் இரகசியம் ஒன்றல்ல, மூன்று. பயத்தினால் மறைத்த கலியாணம் முதல் இரகசியம். ஜாதி கர்வத்தினால் மறைத்த கொலை இரண்டாவது. உத்தியோகத்தினால் மறைத்த உண்மை மூன்றாவது. முதலாவதை மறைத்தவர்கள் சாம்பலானார்கள். மற்ற இரண்டையும் மறைத்தவர்கள் வருஷக்கணக்காய் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மூடிய கட்டு எப்படித் திறந்தது? பெட்டியிலிருந்து கடிதம் கிடைக்கவில்லை. பையனின் குடும்பத்தார் விடவில்லை. வக்கீல் பொ. இரத்தினம் போன்றவர்கள் துணை நின்றார்கள். சென்னை ஐகோர்ட்டு 2004-ல் வழக்கை உள்ளூர்ப் போலீசார் கையிலிருந்து எடுத்து சி.பி.ஐ. விசாரணைக்கு மாற்றியது. அதற்குப் பிறகும் எத்தனை வாய்தா, எத்தனை மிரட்டல், எத்தனை பேர் முதலில் சொன்ன சாட்சியைப் பிறகு விழுங்கினார்கள்! கடைசியாக 2021 செப்டம்பர் 24-ந் தேதி கடலூர் தனிக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 15 பேரில் 13 பேர் குற்றவாளிகள். பெண்ணின் உடன்பிறந்தவனுக்கு மரண தண்டனை, மற்ற 12 பேருக்கு ஆயுள் தண்டனை. அந்தப் 12 பேரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளும் உண்டு. விடுதலையான இரண்டு பேர் யார் என்றால், போலீசார் கட்டிய கதையால் கூண்டில் நின்ற பையனின் சொந்தக்காரர்கள்! 2022 ஜூனில் ஐகோர்ட்டு மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு பேரை விட்டது. போலீஸ் அதிகாரிகளில் ஒருவருக்குத் தண்டனையை 2 வருஷமாகக் குறைத்தது. மற்றதை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளி, பையனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. கணக்குப் பாருங்கள், ஏறக்குறைய 22 வருஷம்! செத்தபோது 22 வயதாயிருந்த பெண்ணுக்கு, இன்னொரு 22 வருஷம் கழித்துத்தான் முடிவான நியாயம் கிடைத்தது.

"அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்று சொல்லி நம் ஜனங்கள் தேறுதல் கொள்ளுவது வழக்கம். இந்த வழக்கைப் பாருங்கள். அன்று கொல்ல வேண்டிய சர்க்காரின் ஆட்களே பொய் எழுதினார்கள். நின்று கொல்ல வேண்டிய தெய்வமோ அந்த மயானத்தில் நிற்கவும் இல்லை, கோர்ட்டு வாசலில் நிற்கவும் இல்லை. நின்றது யார்? கால் கடுக்க 22 வருஷம் நின்றவர் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் ஆதி திராவிடத் தகப்பன். அவரும் "எல்லாம் அவன் செயல்" என்று வீட்டிலேயே இருந்திருப்பாரானால், இன்றைக்கும் அந்தப் பொய் வழக்குத்தான் உண்மையாக இருக்கும்.

தோழர் ஒருவர் சீட்டு எழுதியனுப்பியிருக்கிறார். "ஒரு குடும்பத்தின் விஷயத்தைக் குடும்பத்தோடு விடவேண்டாமா? மேடையில் பேசுவது நாகரிகமா?" என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். நேராகவே பதில் சொல்லுகின்றேன். ஒருவன் வீட்டில் என்ன சமைக்கிறான், புருஷன் பெண்சாதி எதற்காகக் கோபித்துக்கொண்டார்கள் என்பது குடும்ப விஷயம். அதில் நமக்கு வேலையில்லை. ஓர் உயிர் போவது குடும்ப விஷயமல்ல. ஆனால் நம் ஊரில் நடப்பது தலைகீழாய் இருக்கிறது. தை மாதத்தில் திருவூடல் தெருவிலே என்ன நடக்கிறது? சுவாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறது. சுவாமி ராத்திரி தனியே தங்குகிறார். மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்து சமாதானம். கடவுளின் குடும்பச் சண்டையை நடுத்தெருவில் மேளம் கொட்டி நடத்தி, பிள்ளைகுட்டிகளோடு நின்று பார்க்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணை அறையில் போட்டுப் பூட்டினால் மாத்திரம் "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறோம்!

இன்னொன்றும் கேட்கின்றேன். கார்த்திகை தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வருவதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் கழுத்து வலிக்க நிற்கிறார்கள். ஆண் பாதி, பெண் பாதி, இரண்டும் ஒரே உடம்பு என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். முருகன் குறவர் வீட்டு வள்ளியைத் திருட்டுத்தனமாய்க் காதலித்து மணந்த கதையைக் கோயில் தோறும் கலியாண உற்சவமாய் நடத்துகிறார்கள். அந்த முருகனுடைய பெயரை வைத்துக்கொண்ட ஒரு பையன் அதே காரியத்தை யோக்கியமாய், ரிஜிஸ்திரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுச் செய்தால் விஷம்! கல்லுக்குக் கலியாணம், மனிதனுக்குக் கொள்ளி. இதற்குப் பெயர் பக்தியா, பைத்தியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் கண்ணகி. புலவர்கள் கொண்டாடும் சிலப்பதிகாரத்துக் கண்ணகி கதை உங்களுக்குத் தெரியும். அதில் மார்பைத் திருகி எறிந்ததையும், ஊர் பற்றி எரிந்ததையும் புலவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் வேண்டியது ஒரே ஓர் இடந்தான். அரசன் விசாரியாமல் ஒருவனைக் கொன்றுவிட்டான். அதாவது வழக்கை முடித்துக் கட்டை மூடிவிட்டான். அவள் சபைக்குப் போய், "உன் பெண்டாட்டி சிலம்புக்குள் இருப்பது என்ன?" என்கிறாள். முத்து என்கிறான். தன் சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. தீர்ந்தது வழக்கு! நெருப்பல்ல, அந்த ருஜுதான் அரசனை வீழ்த்தியது. மூடிய வழக்கைத் திறந்து காட்டிய பெண் என்று பார்த்தால் அந்தக் கதைக்கும் ஓர் உபயோகம் உண்டு. அந்தப் பெயரைப் பெண்ணுக்கு வைத்தவர்கள் அதன் அர்த்தத்தை மாத்திரம் வைக்கவில்லை.

ஒரு ஜாதியைக் குறிவைத்து இதைச் சொல்லுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஜாதிக்காரனும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட முடியாது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சு 13-ந் தேதி, பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சங்கர் என்ற ஆதி திராவிட வாலிபனை வெட்டிக் கொன்றார்கள். அங்கே பெண்ணின் ஜாதி வேறு, கர்வம் அதே கர்வந்தான். கூட இருந்து வெட்டுப்பட்டுப் பிழைத்த அவனுடைய மனைவி கௌசல்யா, குடும்ப மானம் என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. பெற்றவர்களுக்கு எதிராகவே கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னாள். 2017-ல் திருப்பூர்க் கோர்ட்டு தகப்பனார் உள்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020-ல் ஐகோர்ட்டு தகப்பனாரை விடுதலை செய்து, மற்ற 5 பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. முடிவு எப்படியாயினும், அந்தப் பெண் காட்டிய தைரியம் குறையாது. புதுக்கூரைப்பேட்டையில் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒரு பத்துப் பேருக்கு அந்தத் தைரியத்தில் பாதி இருந்திருந்தால், விஷப் புட்டியே திறந்திருக்காது.

மறு விசாரணை என்பது தண்டிப்பதற்கு மாத்திரம் என்றும் எண்ணாதீர்கள். அது காப்பாற்றவும் செய்யும். 1944 நவம்பரில், சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை அச்சிட்டு விற்ற லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். தியாகராஜ பாகவதருக்கும், நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-ல் ஜூரிகள் குற்றவாளிகள் என்று சொல்ல, ஆயுள் தண்டனை கிடைத்தது. ஐகோர்ட்டு அப்பீலும் போயிற்று. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில், அப்பீலை மறுபடியும் விசாரிக்கும்படி திருப்பியனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். முதல் தீர்ப்பே வேதவாக்கு என்று விட்டிருந்தால் அந்தக் கலைஞர் ஜெயிலிலேயே மக்கியிருப்பார். மனிதன் செய்த சட்டத்தில் எவ்வளவு கோளாறிருந்தாலும், "நான் சொன்னது தப்பாயிருக்கலாம், மறுபடி பார்" என்று சொல்லுவதற்கு அதில் ஒரு வழி இருக்கிறது. மனு சொன்ன தீர்ப்புக்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல்? இன்ன ஜாதியில் பிறந்தவன் கீழ் என்று சாட்சியில்லாமல், ருஜுவில்லாமல், பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்த அந்தத் தீர்ப்பல்லவா முதலில் மறு விசாரணைக்கு வரவேண்டிய வழக்கு? அதைத் திறக்காத வரையில், மற்ற வழக்குகள் ஊருக்கு ஊர் நடந்துகொண்டேதானிருக்கும்.

கடைசியாக, நாம் செய்யக்கூடியது என்ன? சட்டத்தில் வழியில்லாமலில்லை. ஐயரில்லாமல், மந்திரமில்லாமல், உற்றார் சிநேகிதர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு செய்யும் சுயமரியாதைக் கலியாணம் 1967-ம் வருஷச் சட்டத்தால் செல்லுபடியாகிவிட்டது. விரும்பி மணப்பவர்களுக்கு ஆபத்து என்றால் ஜில்லாப் போலீஸ் தலைமை அதிகாரி பாதுகாப்புக் கொடுக்க வேண்டுமென்றும், ஊர்க்கூட்டம் கூடித் தடுப்பது சட்ட விரோதமென்றும் 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருக்கிறது, தடி ஊரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகையால் வாலிபத் தோழர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு ஜோடி பயந்து ஒளிந்தால், அவர்கள் கலியாணத்தை இரகசியமாயிருக்க விடாதீர்கள். நாலு பேர் கூட நின்று, கையெழுத்துக்குச் சாட்சி போட்டு, பகிரங்கமாய் நடத்துங்கள். பத்துப் பேருக்குத் தெரிந்த கலியாணத்தை அழிப்பது கஷ்டம். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகள் மனத்திலிருப்பதை உங்களிடம் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததைத்தான் அவள் ஒளிக்கிறாள். பெரியவர்களே! கண்ணால் கண்டதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள். ஜாதிக்காகச் சொல்லாமல் விடுகிற சாட்சி, கொலைகாரன் கையில் நீங்களே எடுத்துக் கொடுக்கிற புட்டியாகும்.

துப்பறியும் நாவலைத் தாராளமாய்ப் படியுங்கள். கடைசிப் பக்கத்தை மூடிய பிறகு, உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் கட்டு எது, உங்கள் வீட்டில் பேசக்கூடாதென்று வைத்திருக்கும் பெயர் யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதுதான் பகுத்தறிவின் முதல் வேலை.